கடன் தீர்ந்த பின்னர்...

நல்லதொரு கதையைப் படித்து முடித்த பின், 'அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள்?' என்று கேளாத உள்ளம் உண்டோ? குழந்தைகள் வாய்விட்டுக் கேட்டு விடுகின்றனர். பெரியவர்கள் மனத்துக்குள் கேட்டுக் கொள்கின்றனர். கதாசிரியர்கள் பெரும்பாலும் இவ்வினாவுக்கு விடை தருவதில்லை. தராமலிருப்பதே அழகு என்பாரும் உளர். ஆயினும், விடை கூற முற்பட்ட ஜப்பானியச் சித்திரப்படம் ஒன்று அண்மையில் என் சிந்தனையைக் கிளறிற்று. கல்லூரியில் பயிலும் என் தங்கை மகன், "மாமா, இது குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் அன்று, அண்ணன் தம்பி கதை. நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்" என்று வற்புறுத்திக் காட்டிய படம் அது.

முதலில் மூலக்கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். மிட்சுரு அடாச்சி என்ற ஓவியக் கதாசிரியர் 1981 முதல் 1986 வரை வார இதழொன்றில் 'டச்' என்னும் சித்திரக்கதையைத் தொடராக எழுதினார். 1985 முதல் 1987 வரை அது 101 பகுதிகளாகத் தொலைக்காட்சியில் ஓடி, ஜப்பானிய இல்லங்களில் பெரும் வரவேற்பைப் பெற்றது.

தட்சுயா, கசுயா என இரட்டைச் சகோதரர்கள். அடுத்த வீட்டுப் பெண் மினாமி. மூவரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். கோஷியன் மைதானத்தில் தன் பள்ளி ஆடுவதைக் காண வேண்டுமென்பது மினாமியின் சிறுவயதுக் கனவு. 1924-இல் கட்டப்பட்ட அம்மைதானத்தில் கோடைதோறும் உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசிய பேஸ்பால் போட்டி நடைபெறுகிறது. தோற்ற அணியின் மாணவர்கள் கண்ணீருடன் அம்மண்ணை அள்ளிப் பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டு செல்வர் என்றால், அதன் மதிப்பை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

தம்பி கசுயா உழைப்பாளி; பந்து வீச்சில் வல்லவன்; மினாமியின் கனவை நிறைவேற்றப் பாடுபட்டவன். அண்ணன் தட்சுயாவோ சோம்பேறி என்று பெயர் எடுத்தவன். தம்பிக்கு விட்டுக்கொடுத்தே பழகியவன் என்பதை நெருங்கிப் பார்ப்பவரே அறிவர். கோஷியன் செல்லும் அணியைத் தீர்மானிக்கும் இறுதியாட்டத்தன்று காலை, சாலையில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்க் கசுயா விபத்தில் உயிர் துறக்கிறான். அதன்பின் அண்ணன் தம்பியின் இடத்தில் நின்று பந்தைக் கையில் எடுக்கிறான். இரண்டாண்டு கழித்துப் பள்ளியைக் கோஷியனுக்கு அழைத்துச் செல்கிறான், வெற்றியும் பெறுகிறான். தொடர் ஓட்டத்தில் ஒருவர் கைக்கோலை மற்றவர் கையில் தருவதை ஜப்பானியர் 'பேட்டன் டச்' என்கின்றனர். கதையின் பெயர்ப் பொருத்தம் அப்போது விளங்குகிறது.

மூலக்கதை இங்கே முடிந்து விட்டது. அழகாகவே முடிந்தது. இறுதி வெற்றியைக்கூட அடாச்சி ஆரவாரமாக வரையவில்லை. அறையில் வைக்கப்பட்ட ஒரு நினைவுத் தட்டை மட்டும் காட்டி நிறுத்திக் கொண்டார். ஆயினும் 1998-இல் ஒன்றும் 2001-இல் மற்றொன்றுமாக இரண்டு தொடர்ச்சிப் படங்கள் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்டன. சித்திரக்கதையில் இல்லாத புதிய கதைகள் இவை. தட்சுயாவுக்கும் மினாமிக்கும் முன்னர்க் குரல் கொடுத்தவர்களே மீண்டும் குரல் கொடுத்தனர்.

முதற்படத்தில் நாம் காண்பது யாரை? வெற்றி வீரனையா? இல்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும், பேஸ்பாலை விட்டு விலகி நிற்கும் ஓர் இளைஞனை. வாக்கு நிறைவேறிற்று, கனவு பலித்தது, ஆனால் அடுத்த நாள் காலை எதற்காக எழுவது என்று தெரியவில்லை. மினாமியோடு கொண்ட அன்பும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரசிகர் சிலருக்கு இது ஏமாற்றமளிக்கக் கூடும். அழகாக முடிந்ததை ஏன் கலைத்தீர்கள் என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயமும் உண்டு. எனக்கோ, மூலக்கதை சொல்லாமல் விட்ட உண்மை இங்கேதான் சொல்லப்படுவதாகத் தோன்றிற்று.

காரணம் உண்டு. எனக்கும் ஒரு காக்கா இருந்தார். என்னைவிட நான்காண்டு மூத்தவர். கல்லூரியில் வரலாறு படிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டுப் பழைய புத்தகங்களைச் சேர்த்து வைத்தவர். பதினெட்டாம் வயதில் காய்ச்சலில் மறைந்தார். மையித்து எடுத்த மூன்றாம் நாள் வாப்பா அந்தப் புத்தகங்களை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை. நான் வரலாறு படித்தேன்; பட்டமும் பெற்றேன். உம்மா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதது என்னை நினைத்தா, காக்காவை நினைத்தா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அன்றிரவு என் நெஞ்சில் நிறைவு இருந்தது. ஆனால் எனக்கென்று ஓர் ஆசை இருந்ததாக நினைவே வரவில்லை.

சிறுவர்க்கு எழுத்தைக் கற்பிப்பதில் எனக்கிருந்த மகிழ்ச்சியை நான் கண்டறிய மேலும் இரண்டாண்டு பிடித்தது. மதரஸாப் பணியை ஏற்றபோது, "பட்டம் வாங்கி இதற்கா?" என்றனர் சிலர். வாப்பா மட்டும், "அது அவனுக்காகப் படித்தது, இது உனக்காகச் செய்வது. போ" என்றார்கள்.

இரண்டாம் படத்தில் தட்சுயா அமெரிக்கா சென்று, அங்குள்ள சிறிய அணியொன்றில் ஆடுகிறான். அங்கே அவனை அறிந்தவர் எவருமில்லை. கசுயாவின் அண்ணன் என்று சுட்டுவாரும் இல்லை. மினாமி விளையாட்டுப் புகைப்படக்காரரின் உதவியாளராகத் தொழில் பழகுகிறாள். மைதானத்துக்கு அழைத்துச் செல்லும்படி பிறரைக் கேட்ட சிறுமி, தானே கருவியை ஏந்தி மைதானத்தில் நிற்கிறாள். தட்சுயா முதன்முறையாகத் தனக்காகப் பந்தை எறிகிறான். கடல் இருவரையும் பிரித்தாலும், தேங்கி நின்ற அன்பு இப்போதுதான் நடக்கத் தொடங்குகிறது.

2012-இல் அடாச்சி 'மிக்ஸ்' என்ற புதிய கதையை அதே பள்ளியில் தொடங்கினார். ஆயின் தட்சுயாவையும் மினாமியையும் கதைமாந்தராக்கவில்லை. வேறு சகோதரர்களை அக்களத்தில் இறக்கினார். பழைய வெற்றி அங்கே பழங்கதையாகப் பேசப்படுகிறது. ஆடுவதோ புதிய தலைமுறை. அதுவும் ஒரு விடைதான்.

மறைந்தவர்க்கு நாம் பட்ட கடன் உண்மையானது; அதைத் தீர்ப்பது மேன்மை. ஆனால் தீர்த்த கடனுக்கு ஆயுள் முழுதும் வட்டி கட்டும்படி மறைந்தவர் எவரும் கேட்பதில்லை. கேட்பவர் உயிரோடிருக்கும் நாமே.

உங்கள் குடும்பத்திலும், இறந்த ஒருவரின் பெயரையோ கடையையோ கனவையோ சுமந்து நடக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அது முறையிடாது, முறையிடாமலிருப்பதே அதன் இயல்பு. ஒருநாள் அருகில் அமர்த்தி, "உனக்கு என்னம்மா விருப்பம்?" என்று கேளுங்கள். உடனே விடை வராமற்போகலாம். காத்திருங்கள்.