குழந்தையின் உயரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம் என்றால் நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! சம்பளம் எவ்வளவு, இங்கிலீஷ் மீடியமா, பஸ் வீட்டு வாசலுக்கு வருமா? தண்ணீர்க் குழாய் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்கிறோமா, சொல்லுங்கள்!

என் பெண்ணுக்கு ஐந்து வயது. அவளுக்காக இந்த வருஷம் பல பள்ளிக்கூடங்கள் ஏறி இறங்கினேன். ஒன்றில் பிரமாதமான ஹால் கட்டியிருந்தார்கள். குழாயோ என் மார்பளவுக்கு இருந்தது. கழிப்பிடம் மைதானத்தின் அந்தக் கோடியில்! "அவசரமானால் குழந்தைகள் என்ன செய்யும்?" என்று கேட்டேன். "பழகிக்கொள்ளும் அம்மா!" என்றார் அங்கிருந்த ஆசிரியை.

கட்டடத்துக்குக் குழந்தை பழக வேண்டுமா, குழந்தைக்குக் கட்டடம் பழக வேண்டுமா? இதற்கு 1940-ஆம் வருஷத்திலேயே ஓர் ஊர் பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே வினெட்கா என்ற ஊரில், 'குரோ ஐலண்ட்' என்ற ஆரம்பப் பள்ளி அப்போது திறக்கப்பட்டது. பின்லாந்திலிருந்து குடியேறிய எலியல் சாரினென், அவர் மகன் ஈரோ, இவர்களுடன் சிகாகோவைச் சேர்ந்த பெர்கின்ஸ், வீலர், வில் என்ற மூன்று இளைஞர்கள் — இவர்கள்தாம் அதை வடிவமைத்தவர்கள். படம் போடுவதற்கு முன்னால் பெர்கின்ஸ் என்ன செய்தார் தெரியுமா? வகுப்புகளில் போய் உட்கார்ந்து, குழந்தைகளைக் கவனித்தார். ஆசிரியைகளிடம் யோசனை கேட்டார்.

பலன்? வழக்கமாகப் பன்னிரண்டடி உயரத்தில் இருக்கும் கூரை ஒன்பதடிக்கு இறங்கியது. விளக்கின் ஸ்விட்சு குழந்தையின் கைக்கு எட்டியது. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கழிப்பறை, கை வேலை செய்யத் தனி இடம், கதவைத் திறந்தால் சொந்தமாக ஒரு சின்ன முற்றம்! அரங்கத்தில் முன்வரிசை நாற்காலிகள் சின்னஞ்சிறியவை. பின்னால் போகப் போகப் பெரியவை. வாண்டுகளின் கால்கள் அந்தரத்தில் தொங்க வேண்டாமே! 1990-இல் அமெரிக்க அரசு இந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

"அதெல்லாம் பணக்கார ஊரின் சமாசாரம்" என்பீர்கள். முற்றத்துக்குப் பணம் வேண்டும், வாஸ்தவந்தான். ஆனால் குழாயைத் தாழ்த்தி வைக்க என்ன செலவு? சொல்லப்போனால் இரண்டடிக் குழாய் மிச்சம்!

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு அல்ல, சகோதரிகளே. எட்டாத குழாய்க்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் குழந்தை உண்டு; தொலைவுக்குப் பயந்து மாலை வரை அடக்கிக்கொள்ளும் குழந்தையும் உண்டு. வீட்டுக்கு வந்து அவை வாய் திறப்பதில்லை. தானே விளக்கைப் போட்டு, தானே தண்ணீர் பிடிக்கும் குழந்தைக்கோ, 'இது என் இடம்' என்ற தைரியம் பிறக்கிறது.

ஆகவே, அடுத்த முறை பள்ளிக்கூடம் பார்க்கப் போனால், ஒரு நிமிஷம் குனிந்து, உங்கள் குழந்தையின் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். பார்த்ததைத் தலைமை ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நாம் கேட்காவிட்டால், குழந்தைக்காக வேறு யார் கேட்பார்கள்?