கொல்லையில் கிடந்த கடல்

சிறுவர் பகுதிக்கு வந்து நிற்கும் பிள்ளையிடம் "உனக்கு என்ன புத்தகம் வேணும்?" என்று கேட்கக் கூடாது. பதில் வராது. பிள்ளை அலமாரியைப் பார்க்கும், தரையைப் பார்க்கும், கடைசியில் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். "பொது அறிவு புக்கு ஏதாச்சும் குடுங்க" என்று அம்மா சொல்லிவிடுவார். பிள்ளை வாய் திறக்காமலே விஷயம் முடிந்துவிடும்.

அரியலூர் மாவட்டத்து ஊர்ப்புற நூலகம் ஒன்றில் இருந்த நூலகர் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. "நேத்து சாயங்காலம் என்ன பண்ணுன?" என்பார். இல்லையென்றால், "பையில என்ன வச்சிருக்க?" ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு வயதுப் பையன் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளங்கை அகலம். பழுப்பு நிறம். நடுவிலிருந்து சுருண்டு சுருண்டு வெளியே வந்து, விளிம்பில் வரிவரியாக மேடு தட்டியிருந்தது. ஒரு பக்கம் செம்மண் அப்பியிருந்தது.

"எங்க கெடச்சுது தம்பி?"

"எங்க கொல்லையில மேடம். டிராக்டர் ஓட்டுனப்ப வந்துச்சு. நத்தக் கல்லு."

அவர் முந்தானையால் மண்ணைத் துடைத்தார். விரலை நடுவில் வைத்து, சுருளோடே மெதுவாக வெளிவிளிம்பு வரை ஓட்டினார். பிறகு பையனின் விரலைப் பிடித்து அதே வழியில் ஓட்ட வைத்தார். "இது நத்த இல்ல தம்பி. கணவாய்க்கும் ஆக்டோபசுக்கும் ஒறமுறை. ஒங்க கொல்ல ஒரு காலத்துல கடலா இருந்துச்சு" என்றார். எழுந்துபோய் அவர் எடுத்து வந்தது கல்லைப் பற்றிய புத்தகமோ மண்ணைப் பற்றிய புத்தகமோ அல்ல. கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய, அட்டை கிழிந்து ஒட்டுப் போட்ட ஒரு படப் புத்தகம். ஆக்டோபஸ் இருந்த பக்கத்தைப் பிரித்து, அதன் மேலேயே கல்லை வைத்தார். பையன் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தான்.

கல்லிலிருந்து கடலுக்கு, கடலிலிருந்து கணவாய்க்கு, கணவாயிலிருந்து அந்தப் புத்தகத்துக்கு அவர் போன பாதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நூலகவியலின் ஆணிவேரே அந்தப் பாதையில் இருக்கிறது என்று நம்புகிறேன். அதற்கு எஸ்.ஆர். ரங்கநாதனிடம் போக வேண்டும்.

அரியலூருக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தோடே கிழக்கே போனால் அவர் பிறந்த சீர்காழிச் சீமை வரும். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பேச ஆளில்லை, நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்றார். பயிற்சிக்காக அவரை லண்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை விற்றுக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். விற்பனையாளர் அதே பட்டைகளைக் கொண்டு ஒரு பொம்மையைச் செய்து காட்டுகிறார், கழற்றுகிறார், இன்னொன்றைச் செய்கிறார். பார்த்துக்கொண்டு நின்ற ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. புத்தகங்களுக்கு முன்கூட்டியே எண் போட்ட அறைகளைக் கட்டி வைத்துவிட்டு, ஒவ்வொரு புத்தகத்தையும் ஏதாவது ஓர் அறைக்குள் திணிப்பது ஏன்? பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டால், தேவைக்கேற்றபடி பூட்டிக்கொள்ளலாமே! துண்டுகளைப் பூட்டும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளியை, அதாவது கோலனை. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை பிறந்த கதை இது.

உலகத்து நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற ஒரு முறை, பிள்ளைகள் விளையாடும் சாமானிலிருந்து வந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. லண்டனில் அவருக்குப் பகுப்புமுறையைக் கற்பித்த பெர்விக் சேயர்ஸ், சிறுவர் நூலகங்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர். நம் நூலகத் தந்தை படித்த படிப்பில் குழந்தைகளின் வாடை அப்போதே அடித்திருக்கிறது. ஊர் திரும்பியவர் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். 1931இல் அந்தப் புத்தகம் வந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்ற இரண்டும்தான் அவற்றில் நடுநாயகமானவை. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போன நூலகமும் தொடங்கியது. சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி, 1948இல் வந்த நூலகச் சட்டத்தின் கொடை. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவரும் அவர்தான்.

பையனின் கல் வந்த மண்ணுக்கு வருவோம். அரியலூர், பெரம்பலூர் மண்ணைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதத் தொடங்கி 175 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1846இலேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இந்தப் பக்கத்துத் தொல்லுயிர் எச்சங்களை விவரித்தார். 1860களில் ஸ்டோலிக்ஸ்கா தொகுதி தொகுதியாக எழுதினார். அரியலூர் என்ற பெயரே நிலவியலில் ஒரு பாறைத் தொகுதியின் பெயர். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தை 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னார். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரிகளில் போவதும் அந்தக் கடல்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் அதில் எழும்பியிருக்கின்றன. ஆனால் இதெல்லாம் எழுதப்பட்டது ஆய்வாளர்களுக்காக. கொல்லையில் கல்லைப் பொறுக்கிய பையனுக்காக அல்ல.

டைனோசர் புத்தகத்துக்கு ஆசைப்படாத பிள்ளை கிடையாது. நூலகர் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலும் மொழிபெயர்ப்புதான், அமெரிக்கப் பாலைவனத்தில் வாயைப் பிளந்து நிற்கும் டைரனோசரஸ்தான். அதைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளின் கதையை அவர்களுக்கு யார் சொல்வது? ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் அவற்றை விவரித்து பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, காலெலும்பு, வால் முள்ளெலும்பு. பூமியில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். எலும்பே இல்லை, கல்லாகிய மரமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. தீர்த்துச் சொல்ல இன்று வழியில்லை. அந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப் போய்விட்டன. மிஞ்சியிருப்பவை படங்களும் அளவுகளும்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல துப்பறியும் கதை எங்கே கிடைக்கும்? அதே மாவட்டத்தில் செந்துறைப் பக்கம் 2009இல் டைனோசர் முட்டைகளும் கிடைத்தன.

செந்துறை என்றதும் குழுமூர் நினைவுக்கு வராமல் இருக்காது. பன்னிரண்டாம் வகுப்பில் 1176 மதிப்பெண் எடுத்து, மருத்துவம் படிக்க முடியாமல் 2017இல் நாம் இழந்த அனிதாவின் ஊர். அங்கே அவர் பெயரில் குடும்பத்தார் ஒரு நூலகம் ஏற்படுத்தியிருக்கிறார்கள். துயரத்துக்கு அவர்கள் கண்ட பதில் புத்தக அலமாரி. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

நூலகர் அம்மாவின் கதைக்கு வருகிறேன். அடுத்த சில ஞாயிறுகளில் பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லோடு வந்தார்கள். அவர் எதையும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் கொல்லை, எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறென்ன கிடந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுக் கல்லைத் திருப்பிக் கொடுத்தார். அரைப் பக்கம் எழுதியவன் அடுத்த வாரம் ஒரு பக்கம் எழுதினான். உரக்க வாசிக்கச் சொன்னார். வாசகர் வட்டத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். கோடை முகாமுக்கென்று வந்த வண்ணப் பென்சில்களைக் கொடுத்துக் கல்லை வரையச் சொன்னார். இவை எதற்கும் அவருக்குச் சுற்றறிக்கை வரவில்லை. ஊர்ப்புற நூலகரின் சம்பளம் எவ்வளவு சொற்பம் என்பது அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் இத்தனையும் நடந்தது.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்களை வகுப்பறைக்குக் கொண்டு வந்தது நல்ல காரியம். கீழடியைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்த உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்திய விருது பெற்றது. கீழடிக்கு முடிந்தது கல்லமேட்டுக்கும் சாத்தனூருக்கும் முடியும்.

சிறுவர்களுக்கு எழுதுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்கு வாருங்கள். வாரணவாசி அருங்காட்சியகத்தைப் பாருங்கள், பிறகு ஏதாவது ஓர் ஊர்ப்புற நூலகத்தில் போய் உட்காருங்கள். முப்பத்திரண்டு பக்கம் போதும், பெரிய எழுத்தில், நல்ல படங்களோடு. எழுதி முடித்ததும் முதல் பிரதியை அந்த நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.