ஓக் ட்ரீ ரோடு மைசூர்பாகு

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நடந்த கதை. எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். நம்ம பக்கத்துல நாம புலம்பாம வேற யார் வந்து புலம்பப் போறாங்க?

நியூஜெர்சிக்காரங்களுக்கு ஓக் ட்ரீ ரோடு பத்திச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு: எடிசன்லயும் பக்கத்து ஐசலின்லயுமா நீண்டு கிடக்கற ரோடு. நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை, நடுநடுவுல குஜராத்தி, பஞ்சாபி ஸ்வீட் கடைகள். தீபாவளி சமயத்துல அங்க கார் நிறுத்த இடம் கிடைச்சாலே பாதி தீபாவளி முடிஞ்ச மாதிரி.

அப்பா முதல் தடவையா அமெரிக்கா வந்திருந்தார். அப்பாவுக்கு ஊர் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு வாங்கின அதே கோவில்பட்டிதான். அங்க ஒரு ஸ்வீட் கடையில 27 வருஷம் சரக்கு மாஸ்டர். முழங்கைக்குக் கீழ ரெண்டு கையிலும் எண்ணெய் தெறிச்ச தழும்பு இருக்கும். ஆபீஸ்ல யாராவது "அப்பா என்ன பண்றார்?"னு கேட்டா நான் "ஸ்வீட் பிசினஸ்"னு சொல்லி வச்சிருந்தேன். பொய்யின்னு சொல்ல முடியாது. பிசினஸ் முதலாளியோடது, ஸ்வீட் மட்டும் அப்பாவோடது.

"இங்க இருக்கறதுலயே பெரிய கடைப்பா"ன்னு பெருமையா கூட்டிட்டுப் போனேன். கண்ணாடிக்குள்ள அடுக்கடுக்கா கலர் கலரா இருந்தது. வெள்ளித்தாள் மட்டும் குறைச்சலே இல்ல. அப்பா கையைப் பின்னால கட்டிக்கிட்டு, கோயில் பிரகாரம் சுத்தற மாதிரி ஒவ்வொரு தட்டா பாத்துட்டு வந்தார். அங்கயே சாப்பிட ரெண்டு சமோசா, மறுநாள் விருந்தாளிகளுக்கு மூணு பவுண்டு மைசூர்பாகு, ஒரு பாக்கெட் காராசேவு வாங்கினேன்.

சமோசா கை சுடற சூடு. கடிச்சா நடுவுல உருளைக்கிழங்கு ஜில்லுனு இருக்கு. தோல் ரப்பர் மாதிரி இழுக்குது. நான் பாதியில வச்சுட்டேன். அப்பா முழுசையும் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தப்பதான் நிஜக் கூத்து. மைசூர்பாகு கத்திக்கு மசியல. வாயில போட்டா மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டிக்கிச்சு. நெய்னா வாய்ச் சூட்டுக்கே உருகிடும். வனஸ்பதி வகையறா உருக அதைவிடக் கூடுதல் சூடு வேணும், அதான் ஒட்டுது. வனஸ்பதி செய்யப் பயன்பட்ட அரைகுறை ஹைட்ரஜனேற்ற எண்ணெயை அமெரிக்காவுல 2018-ல இருந்து பெரும்பாலும் நிறுத்தியாச்சு, அதனால இது வேற ஏதோ கெட்டிக் கொழுப்பா இருக்கணும். எதுவா இருந்தா என்ன, பெட்டி மேல பெருசா 'சுத்தமான நெய்'னு போட்டிருந்தது.

காராசேவைப் பிரிச்ச உடனே காறல் வாடை. பக்கத்து ஊரு சாத்தூர் சேவு சாப்பிட்டு வளர்ந்த மனுஷன்கிட்டப் போய் இதை நீட்டினேன் பாருங்க! அப்பா ரெண்டு சேவை உள்ளங்கையில வச்சு நொறுக்கி மோந்து பாத்தார்.

"எண்ணெய மாத்தவே இல்லல. பழசு மேலயே புதுச ஊத்திருக்கான்."

மைசூர்பாகுத் துண்டை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார். "ஒரு ஓட்டை கூட விழல பாரு. நெய்ய நல்லாக் காயவிட்டு, கொதிக்கக் கொதிக்க ஊத்தணும். அப்பதான் மாவு பொங்கும். எறக்க வேண்டிய நேரத்துக்கு எறக்கவும் இல்ல."

எனக்கு வந்ததே கோபம். பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கிட்டு, "இப்பவே போய் மூஞ்சில விட்டெறிஞ்சுட்டு வரேன்"னு கிளம்பினேன்.

"வேண்டாம்ல. உக்காரு."

அப்புறம் சொன்னார். நான் நாலாப்பு படிக்கும்போது ஒரு தீபாவளிக்கு, நெய்யில பாதி டால்டா கலக்கச் சொல்லிட்டார் முதலாளி. மறுநாளே ஒருத்தர் பெட்டியைக் கொண்டாந்து கல்லா மேல வீசிட்டு, "எவன்யா உங்க மாஸ்டர்?"னு கத்தியிருக்கார். முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னால திட்டி, அந்தச் சரக்குக்கான காசைச் சம்பளத்துல பிடிச்சாராம்.

"நீங்க சொல்ல வேண்டியதுதானப்பா, அவர்தான் கலக்கச் சொன்னார்னு?"

"சொல்லி? மறுநா எங்க வேலைக்குப் போறது?"

நான் பெட்டியைக் கீழ வச்சுட்டேன். ஆனாலும் கோபம் அடங்கல. பவுண்டு பத்து டாலர் கொடுத்தவன் வாயை மூடிக்கிட்டு வரணுமா? மாஸ்டர் பாவம்தான், முதலாளி பாவம் இல்லையே? இன்னைக்கு வரைக்கும் எனக்கு இதுல தெளிவு இல்ல. அடுத்த வாரம் ஃபோன் பண்ணி, எண்ணெய் சரியில்லன்னு முதலாளிகிட்ட மட்டும் சொன்னேன். "ஓகே, ஓகே"ன்னு வச்சுட்டார்.

மறுநாள் காலையில அப்பா, தங்கமணிகிட்ட இருந்து அடுப்படியை எழுதி வாங்கிக்கிட்டார். ஒரு பங்கு கடலைமாவு, ரெண்டு பங்கு சர்க்கரை, ரெண்டுக்கும் மேல நெய். பாகு ஒத்தைக்கம்பிப் பதம் வந்ததும் மாவு. அப்புறம் கரண்டி கரண்டியா கொதிக்கற நெய். ஒவ்வொரு கரண்டிக்கும் புஸ்ஸுனு பொங்குது. வீடு முழுக்கப் புகை, ஸ்மோக் அலாரம் அலற ஆரம்பிச்சிருச்சு. நான் நாற்காலி மேல ஏறி துண்டை வீசி விசிறிட்டு இருக்கேன், அவர் திரும்பிக்கூடப் பாக்கல. தட்டுல கொட்டி, சூடு ஆறறதுக்குள்ள கோடு போட்டார். ஓரம் மஞ்சள், நடுவுல இளஞ்சிவப்பு, உள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை.

சாயங்காலம் வந்தவங்க ஸ்வீட்டை விட்டு நகரல. என் டீம் நண்பனோட மனைவி, "அங்கிள், இது எந்தக் கடை?"ன்னு கேட்டாங்க. அப்பா வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்.

"அப்பாவே பண்ணினது. சமையல் அவருக்கு ஒரு ஹாபி."

ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்பவும் தெரியல. அப்பா சிரிச்சுட்டு உள்ள போயிட்டார்.

ராத்திரி எல்லாரும் போனப்புறம் தட்டைச் சுரண்டிக் கழுவிட்டு இருந்தார். நான் பக்கத்துல போய் நின்னேன்.

"ஹாபின்னா என்னல?"

"பொழுதுபோக்குப்பா."

"ஓ." கொஞ்ச நேரம் சுரண்டினார். "27 வருசம். நல்லாத்தான் பொழுது போச்சு."

எனக்குப் பேச்சு வரல. தட்டைத் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.