படியாள் ஊர்கள் வழியாக

பூந்தமல்லியில் ஏறிய பஸ், பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி ஆவடியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து திருவள்ளூர் மின்சார ரயில். பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர்... அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னமும் துண்டு துண்டாக வயல் தெரிகிறது. எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மிராசு கிராமங்கள், பரம்பரை நிலவுரிமை கொண்ட மிராசுதாரர்களின் ஊர்கள். அமெரிக்கப் பருத்திக் காட்டு அடிமைகளைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். இந்த வயல்களில் மிராசுதாரருக்குக் கட்டுண்டு உழைத்த படியாட்களைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

1843-இல் வந்த 5-ஆம் சட்டம், ஒரு மனிதன் மீது இன்னொருவன் கொண்டாடும் உடைமையைக் கோர்ட் ஏற்காது என்றது. 1862-இல் அமலான தண்டனைச் சட்டம், ஆளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. கிராமத்தில் ஒன்றும் அசையவில்லை. ஏன் என்று செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891 அறிக்கையில் எழுதினார். சின்னக் கடனுக்குக் காலமெல்லாம் உழைப்பது ஒரு பக்கம். சேரிக் குடிசை நின்ற மனையே மிராசுதாருடையது என்பது அதைவிடக் கொடுமை. முணுமுணுத்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம், சங்கிலி எதற்கு? அந்த அறிக்கையைத் தொடர்ந்து, சேரி மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை 1892-இல் வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்கு நடப்பது அதன் பேரில்தான்.

திருவள்ளூரில் இருந்துகொண்டு இதே சேரிகளுக்காக வாதாடியவர் வெஸ்லியன் பாதிரியார் வில்லியம் கௌடி. ஆனால் கலெக்டருக்கும் பாதிரிக்குமே முழுப் பெருமையையும் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். அந்தத் துணிச்சலுக்கு எந்த அரசாணையும் ஈடில்லை.

கடனும் மனையும் சேர்ந்து ஆளைக் கட்டுவது இன்றும் தொடர்கிறதா என்று பார்க்க, திருவள்ளூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் செங்கல் சூளைப் பக்கம் போனேன். வரிசை வரிசையாகப் பச்சைக்கல் காய்கிறது. கல் அறுக்கிறவர்களின் குடிசையும் கல்லை அடுக்கிக் கட்டியதுதான். குனிந்துதான் நுழைய வேண்டும்.

"அட்வான்ஸ் எவ்வளவுக்கா?"

"முப்பதாயிரம் சார். போன வருஷப் பாக்கி வேற இருக்கு."

"இந்த இடம்?"

"ஓனரோடதுதான். கணக்கு முடிஞ்சாத்தான் கிளம்ப முடியும்."

அட்வான்ஸ் கொடுத்து ஆளை நிறுத்திவைப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் 2011-இல் இதே மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாக்காரர்கள் 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். மீட்டால் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தருவார், கடன் ரத்தாகிவிடும். மனைப் பட்டாவுக்கு மட்டும் தாலுகா ஆபீசில் தனி மனு, தனி வரிசை.