வேதத்தில் இல்லாத வசனம்

தில்லியில் ஒரு தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க 2004இல் என்னைக் கேட்டார்கள். தமிழ் எம்.ஏ., பத்திரிகையில் மொழிபெயர்ப்பு வேலை. வேறென்ன தகுதி வேண்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். முதல் வாரமே கரும்பலகையில் எழுதினேன்: தனக்குத் தானே உதவிக்கொள்கிறவனுக்குக் கடவுள் உதவுவார். கீழே நீதிமொழிகள் என்று போட்டேன். எண் போடவில்லை. நினைவிலிருந்து எழுதியது.

பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் எழுந்தான். "எங்கப்பா ஏழு மாசமா படுக்கையில இருக்காங்கண்ணா. எழுந்திரிக்க முடியாது. அவங்களுக்கு உதவ மாட்டாரா?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இரவு வசனத்தைத் தேடினேன். நீதிமொழிகளின் 31 அதிகாரங்களிலும் இல்லை. ஒத்தவாக்கிய அகராதியிலும் இல்லை. ஈசாப்பின் வண்டிக்காரன் கதையிலேயே இருக்கும் பழைய கருத்து அது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1736இல் தன் பஞ்சாங்கத்தில் அச்சிட்டுப் பரப்பினார். வேதாகம வசனமே அல்ல. நீதிமொழிகள் 28:26 கிட்டத்தட்ட எதிர்த்திசையில் போகிறது. தன் மனதையே நம்புகிறவனை மூடன் என்கிறது.

கல்லூரியில் எண் சொல்லாமல் குறளை மேற்கோள் காட்டினால் பேராசிரியர் உட்காரச் சொல்லிவிடுவார். பாடபேதம் பார்க்காமல் சங்கப் பாடலைத் தொட முடியாது. அந்தப் பயமெல்லாம் வேதாகமத்தை எடுத்தபோது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் பையன் வரவில்லை. முகவரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. கட்டிலில் அப்பா. நான் எழுதியது வேதத்தில் இல்லை, என் தவறு என்று பையனிடம் சொன்னேன். அவன் பேசவில்லை. அப்பாதான் கேட்டார்: "வேற எதெல்லாம் இல்ல தம்பி?"

சொன்னேன். ஏதேன் தோட்டத்தில் ஆப்பிள் இல்லை. ஆதியாகமம் சொல்வது வெறும் கனி. கிறிஸ்துமஸ் நாடகத்தில் கிரீடத்தோடு வரும் மூன்று ராஜாக்களும் இல்லை. மத்தேயு அவர்களை ராஜாக்கள் என்று சொல்லவில்லை, எத்தனை பேர் என்றும் எண்ணவில்லை. காணிக்கைதான் மூன்று வகை. பணம் எல்லாத் தீமைக்கும் வேர் என்பதும் பாதி வசனம். 1 தீமோத்தேயு 6:10இல் உள்ள கிரேக்கச் சொல் பிலார்குரியா, அதாவது வெள்ளியின் மேல் ஆசை. தமிழ் வேதாகமம் அந்த ஆசையை விட்டுவிடவில்லை. மேடையில் பேசுகிறவர்கள்தான் விட்டார்கள்.

"பணத்துமேல தப்பில்லயா? நல்லது," என்று அப்பா சிரித்தார். மருந்துக் கடைக்குக் கடன் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

மறு ஞாயிறு பையன் வந்தான், மடியில் வேதாகமத்தோடு. நான் வசனத்தைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தான். எண்ணைச் சொன்னதும் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துப் படித்தான். அடுத்த வசனத்துக்கும் அப்படியே செய்தான்.