அந்தமானில் ஒரு பழத்தோட்டம்

இரயில்வே எழுத்தராகிய நாம், சென்ற கோடையில் இரயிலே இல்லாத ஒரு நாட்டைக் காணச் சென்றோம். 2017 ஆம் ஆண்டில் போர்ட் பிளேயரிலிருந்து திக்லிப்பூர் வரை இருப்புப்பாதை அமைப்பது பற்றிப் பேச்சு எழுந்ததுண்டு, பாதையைத்தான் காணோம். சென்னையில் கப்பலேறி மூன்று நாட்கள் நீரையே பார்த்துக் கண் சலித்தபின் கரை தென்பட்டது. 2024 இல் அந்நகருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அங்குள்ள நம்மவர் வாயில் இன்னும் பழைய பெயரே புரள்கிறது.

நாம் தங்கியது ஃபீனிக்ஸ் பேயில், கப்பல் பட்டறையில் பணிபுரியும் உறவினர் இல்லத்தில். ஆங்கிலேயர் காலத்தில் கைதிகள் உழைத்த பட்டறைகள் இருந்த இடம் அது. இன்று பிற தீவுகளுக்குச் செல்லும் படகுகள் புறப்படும் துறையும் அங்கேயே உள்ளது. கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். படகு நின்றால் காய்கனி விலை ஏறும்.

மறுநாள் உறவினர் நம்மைச் சிப்பிகாட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு மேட்டுச் சரிவில் அவருக்குப் பழக்கமான குடும்பத்தின் தோட்டம் உள்ளது. அக்குடும்பத்தின் மூதாதை கைதியாக வந்தவர். 1858 இல் தொடங்கிய அக்குடியேற்றத்தில், நன்னடத்தையுடன் பல்லாண்டு கழித்தவர்களுக்குத் தாமே உழுதுண்ண அனுமதிச் சீட்டு வழங்குவது வழக்கம். பெண் கைதியை மணந்து குடும்பம் நடத்தவும் இசைவுண்டு. அவ்வாறு காட்டைத் திருத்தியவர்களின் வழித்தோன்றல்கள் தம்மை ‘இங்கே பிறந்தோர்’ என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொள்கின்றனர். அப்பெருமை நியாயமானதே என்று நமக்குத் தோன்றியது.

தோட்டத்துப் பெரியவர் இந்தியில் பேச, உறவினர் தமிழாக்கினார். தை, மாசியில் மா பூக்கும். மழையற்ற அம்மாதங்களில் குட்டையின் நீரைக் குடத்தில் சுமந்து வாழைக்கும் பப்பாளிக்கும் வார்ப்பார்கள். சித்திரையில் மாங்காய் இறங்கும். வைகாசி பிறந்ததும் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அப்போது பலாவும் அன்னாசியும் பழுக்கும். காற்று வாழையைச் சாய்க்கும். இரவில் விளக்கேந்தி ஆப்பிரிக்கப் பெருநத்தைகளைப் பொறுக்குவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. அவை ஜப்பானியர் தீவுகளை ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் வந்தவை என்கிறார்கள். அப்பஞ்ச காலத்தில் பழ மரங்களின் நடுவே மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு உயிர் பிழைத்ததைப் பெரியவரின் தாய் சொல்லிச் சொல்லி அழுவாராம். புள்ளிமான்கள் மற்றோர் இடர். ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவை. அவற்றை வேட்டையாடப் புலியோ சிறுத்தையோ அங்கில்லை. ஆகவே வேலி கட்டாதவனுக்குக் கன்று மிஞ்சாது!

பெரியவர் நம்மைத் தோட்டத்தின் கீழ் எல்லைக்கு அழைத்துச் சென்றார். எதிரே ஏரி போல் நீர் விரிந்திருந்தது. “அதுதான் எங்கள் நெல்வயல்” என்றார். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்தது. ஆழிப்பேரலை வடிந்த பின்னும் தாழ்ந்த வயல்களை விட்டுக் கடல் நீங்கவில்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் உப்புநீர் புகுந்தது. குடும்பம் மதித்துப் பேணிய நஞ்சை போயிற்று. தகப்பனார் காலத்தில் பாகம் பிரித்தபோது, “மேடுதானே” என்று இவர் தலையில் கட்டிய சரிவு மட்டும் எஞ்சியது. நெல் விற்ற வீடு அரிசி வாங்கும் வீடாயிற்று. அவ்வரிசிக்கான பணத்தை மாவும் பலாவும் பாக்கும் ஈட்டின.

ஆயினும் கவலை தீரவில்லை. மூத்த மகன் அரசுப் பணிக்குச் சென்றுவிட்டார். நிலத்தை விற்று நகரில் வீடு கட்டலாம் என்பது அவர் எண்ணம். விலை கேட்டு வருவோரும் குறைவில்லை. சொந்த ஊரில் ஒரு துண்டு நிலத்தை விட்டுவிட்டு வந்துள்ள வாசகர்களுக்கு இப்பேச்சு புதிதன்று. நாமும் மகனைக் குறை கூறத் துணியவில்லை. மழையில் நத்தை பொறுக்கியவர் அவரல்லவா?

பெரியவர் விடையேதும் சொல்லாமல், புதிதாக நட்ட மங்குஸ்தான் கன்றுகளைக் காட்டினார். அவை விதையிலிருந்து முளைத்தவை. காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகளாவது ஆகும். அவருக்கு வயது எழுபத்தைந்து. நாம் விடைபெறும்போது, பேரன் குடத்துடன் குட்டையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தான்.