காந்தாரத்தை விட்டு வாசிப்பது

நண்பர்கள் சிலர் சேர்ந்து, சொந்தக் காசைப் போட்டு, எட்டுப் பாட்டுகள் கொண்ட தமிழ் ஆல்பம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். அதன் கிட்டார் பகுதிகளை சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் இருக்கும் சின்ன ஸ்டுடியோவில் பதிந்து முடித்திருக்கிறேன். கிட்டார் பதிவு என்றதும் மைக், ஆம்ப் என்று கருவிகளைப் பற்றித்தான் பேச்சு போகும். எனக்கு அந்த நாட்கள் முழுக்க இருந்த கவலை வேறு. தமிழ்ச் சொற்களுக்கு அடியில் கிட்டார் எதையெல்லாம் வாசிக்காமல் விட வேண்டும் என்பதுதான் அது.

பாட்டுகளை எழுதி, மெட்டமைத்து, பாடுகிறவர் தூத்துக்குடிக்காரர். எங்கள் எல்லோருக்கும் அக்கா. சிறுவயதில் கர்நாடக சங்கீதம் கற்றவர். அதே வயதில் மாதா கோவில் பாடகர் குழுவிலும் நின்றவர். உப்பளம், துறைமுகம், பனங்காடு என்று ஆல்பம் முழுக்க அவருடைய ஊர்தான். அவர் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது ஒரு குரல், ஒரு கிட்டார், அவ்வளவுதான் இருந்தது. தாளம், அடித்தளம், இட்டு நிரப்புவது எல்லாமே கிட்டாரின் பொறுப்பு. ஆறு கம்பிகளையும் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டே இருந்தால்தான் பாட்டு நிற்கும். ஸ்டுடியோவில் பேஸ் கிட்டார் தனியாக வந்துவிடுகிறது. தாளத்துக்குக் கடம் இருக்கிறது. இவ்வளவு ஆள் வந்த பிறகும் கிட்டார் பழைய மாதிரியே வாசித்தால் பாடுகிறவருக்கு நிற்க இடம் இருக்காது.

அக்கா முதலில் வழிகாட்டிக் குரலாக ஒரு டிராக் பாடி வைத்துவிட்டார். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே உப்பளப் பாட்டுக்கு வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து சொன்னார்: “தம்பி, நான் அளம்னுதான் பாடுறேன். ஸ்பீக்கர்ல அலம்னு கேக்குது. உன் கிட்டார் என் ளகரத்தைத் தின்னுருது.”

அக்காவும் நானும் சவுண்ட் இன்ஜினியர் தம்பியும் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டோம். அவர் சொன்னது சரி. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டுவது நாக்கு மடியும் அந்தச் சிறு நேரத்தில் குரலின் மேல்பகுதியில் நிகழும் வளைவு. பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கும் 3000 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் அது நடக்கிறது. எஃகுக் கம்பியை பிக்கால் உரசும்போது எழும் பளபளப்பும் அந்த இடத்தில்தான் அடர்த்தி.

இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. அதைக் கண்டுகொண்டபோது தமிழ் யாப்பின் மேல் எனக்கு இருந்த மரியாதை பல மடங்கு கூடியது. அந்தப் பாட்டின் சரணத்தில் அளம், களம், வளம் என்று எதுகை ஓடுகிறது. எதுகை என்பது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமை. சீரின் முதல் எழுத்து தாளத்தின் தட்டில் விழுந்தால், எதுகை எழுத்து தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில், அரை இடத்தில் விழும். கிட்டாரில் கீழ்நோக்கி அடிக்கும் அடி தட்டில் வரும். மேல்நோக்கி இழுக்கும் அடி அந்த அரை இடத்தில் வரும். மேல்நோக்கி இழுக்கும்போது பிக் முதலில் தொடுவது மெல்லிய கம்பிகளை. ஆக, கவிஞர் காதில் விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்த எழுத்தின் தலையிலேயே கிட்டாரின் மிகக் கூர்மையான ஒலி ஒவ்வொரு முறையும் போய் விழுந்துகொண்டிருந்தது. எதுகை நிற்கும் மொழியில் பாடும்போது மேலடியை எண்ணித்தான் போட வேண்டும்.

“ஈக்யூல அந்த இடத்தைக் கொஞ்சம் வெட்டிடட்டுமாண்ணா?” என்று கேட்டார் சவுண்ட் இன்ஜினியர் தம்பி. செய்யலாம். குரல் வரும் நேரத்தில் மட்டும் கிட்டாரைத் தாழ்த்தும் மென்பொருளும் அவரிடம் இருந்தது. ஆனாலும் கையால் தீர்க்கக்கூடியதை மென்பொருளிடம் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தப் பகுதியை வெட்டினால் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ளகரம் இல்லாத இடங்களிலும் அதன் முகம் மங்கிவிடும். எனவே பாட்டின் வரிகளை ஒரு தாளில் எழுதி, எதுகை விழும் இடங்களில் எல்லாம் மேலடியை நீக்கிவிட்டேன். அங்கே கீழடியின் கார்வை மட்டும் ஓடும். மறுபடி வாசித்தபோது சரணம் தெளிந்தது. தாளமும் குறையவில்லை, அந்த அரை இடத்தைக் குரலே நிரப்பிக்கொண்டது.

சொல்லுக்கு அடுத்தபடியாக சுரம் வந்தது. பனங்காட்டுப் பாட்டின் மெட்டு கரகரப்ரியாவைத் தழுவியது. அதில் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை எடுத்துவிட்டால் ராகமே வேறு ஆள் ஆகிவிடும். கிட்டாரில் மைனர் கார்டு பிடித்தால் அதே காந்தாரம் ஃபிரெட்டில் அறைந்தமாதிரி ஓரிடத்தில் நிற்கிறது. அசையாமல் நீட்டிப் பாடினால்கூட இரண்டும் பொருந்துவதில்லை. ஒரு அரைச் சுரத்தை 100 சென்ட் என்று கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் கிட்டாரின் சாதாரண காந்தாரம் 300 சென்ட்டில் இருக்கிறது. 6-க்கு 5 என்ற இயல்பான விகிதத்தில் வரும் காந்தாரம் சுமார் 316. பஞ்சமத்தில் இந்த வேறுபாடு 2 சென்ட்தான், காதுக்குத் தெரியாது. அதனால்தான் ஷட்ஜமும் பஞ்சமமும் குரலோடு ஒட்டிப்போகின்றன, காந்தாரம் மட்டும் இடிக்கிறது.

தம்புராவில் காந்தாரம் மீட்டுவதில்லை. பாடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் போய் வருவதற்கு ஷட்ஜமும் பஞ்சமமும் போதும் என்று இசைவாணர்கள் எப்போதோ கண்டுகொண்டுவிட்டார்கள். கிட்டாரிலும் அதைச் செய்ய வழி இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர், மொராக்கோவில் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிப்பதற்காக ஒரு சுருதி அமைப்பைக் கைக்கொண்டார். வழக்கமான அமைப்பில் ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை ஒரு முழுச் சுரம் இறக்கினால் அது கிடைத்துவிடும். டி, ஏ, டி, ஜி, ஏ, டி. மேற்கத்திய எழுத்துகளில் பார்த்தால் அது ஓர் எழுத்துக்கோவைதான். டியை ஷட்ஜமாக வைத்துப் படித்துப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. காந்தாரமே கிடையாது. அரபு இசைக்காக ஓர் ஆங்கிலேயர் கண்ட வழி, கரகரப்ரியாவுக்கு இவ்வளவு பாந்தமாக உட்காரும் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அக்காவின் சுருதி 5 கட்டை. டி என்பது 2 கட்டை. ஐந்தாம் ஃபிரெட்டில், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேபோவை மாட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது. இறக்கிய கம்பிகள் தளர்ந்திருக்கும். கேபோ அவற்றை அழுத்தி சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிடும். டேக்குக்காக ஏசியை நிறுத்தியதும் அறை சூடாகி, கம்பி மறுபடி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. டியூனரைப் பார்த்துச் சேர்த்துவிட்டு, பிறகு அக்காவின் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் காதால் ஒருமுறை சரிபார்ப்போம்.

கமகத்தைக் கிட்டாரால் தர முடியாது என்று நான் சொல்லவில்லை. ஷக்தி குழுவுக்காக ஜான் மெக்லாஃப்லின் ஃபிரெட்டுகளுக்கு நடுவே குழிவாகச் செதுக்கிய கிட்டாரை வைத்திருந்தார்; கம்பியை அழுத்தியும் இழுத்தும் சுரத்தை வளைத்தார். கிட்டார் பிரசன்னா முழுக் கர்நாடகக் கச்சேரியையே எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கிறார். அவர்கள் கையில் கிட்டார் பாடுகிறது. எங்கள் ஆல்பத்தில் பாடுவதற்கு அக்கா இருக்கிறார்.

மைக் வைக்கும் இடத்தையும் குரலுக்கு இடம் விடும் இந்தச் சிந்தனைதான் முடிவு செய்தது. கிட்டாரின் துளைக்கு நேராக வைத்தால் சத்தம் நிறைய வரும், ஆனால் குடம் உருள்வதுபோல் கேட்கும். கேபோ போட்ட பிறகு அடிக்கம்பியின் ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ். அக்கூஸ்டிக் கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று தானாகவே அதிரும் இடமும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் சேர்ந்துகொண்டு அந்த ஒரு சுரம் மட்டும் பெருத்து நின்றது. கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து, ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்தார் தம்பி. நான் அடிக்கம்பிக்கு மட்டும் பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரல் சதையால் மீட்டினேன். பெருக்கம் அடங்கியது.

துறைமுகப் பாட்டுக்கு இரண்டு கிட்டார் தேவைப்பட்டது. ஒரே டேக்கை நகலெடுத்து இடத்துக்கும் வலத்துக்கும் அனுப்பினால் ஒலி விரியாது. நடுவில் சத்தம் கூடும், அங்கேதான் குரல் நிற்கிறது. இரண்டு முறை தனித்தனியாக வாசித்தால்தான் இரு பக்கமும் ஒலி விலகி நிற்கும், நடுவிடம் காலியாகும். இரண்டாவது முறைக்கு வேறு கிட்டார் ஒன்றை எடுத்து, பன்னிரண்டு கம்பி கிட்டாருக்கான செட்டில் இருக்கும் மெல்லிய கம்பிகளை அதன் தடித்த நான்கு கம்பிகளுக்குப் பதிலாக மாட்டினோம். அந்த நான்கும் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அடிச்சுரமே இல்லாத கிட்டார் அது. தனியாகக் கேட்டால் பொம்மை வாத்தியம்போல் மெலிந்திருக்கும். முதல் கிட்டாரோடு சேரும்போது பளிச்சென்று ஒரு விளிம்பு கிடைக்கிறது, குரலின் எடையோடு மோதுவதில்லை.

இதில் புதுமை என்று எதையும் நான் கோரவில்லை. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ பாட்டை எத்தனையோ ஆயிரம் பேர் கிட்டார் கற்கும்போது பழகியிருப்பார்கள். இளையராஜா எழுத, ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டாரில் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வருகின்றன, கொத்தாக அடிப்பதில்லை. எஸ்.பி.பி.யின் குரலில் ஒரு எழுத்தும் மங்கவில்லை. நானும் பதின்ம வயதில் அந்த விரலோட்டத்துக்காக அதைப் பழகியவன். இப்போது கிட்டார் பகுதிகளை எழுதுகிற வேலையில் இருந்துகொண்டு கேட்கும்போது, சொல்லுக்கு இளையராஜா விட்டிருக்கும் இடைவெளிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகப் பதிந்தது மூன்று தட்டுத் தாளத்தில் வரும் தாலாட்டு. மாதா கோவில் பாடகர் குழுவில் கற்ற இசை அந்த மெட்டில் இருக்கிறது. சுரங்கள் அசையாமல் நேராக நிற்கின்றன, மூன்று குரல்கள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. நான் பழக்கத்தில் காந்தாரத்தை விட்டே வாசிக்கத் தொடங்க, அக்கா பாதியில் நிறுத்தச் சொன்னார். “இதுக்கு முழுசா வேணும் தம்பி. கோவில்ல நாங்க அப்படித்தான் பாடுவோம்.” கேபோவைக் கழற்றி, கம்பிகளை வழக்கமான சுருதிக்கு ஏற்றி, ஆறு கம்பியிலும் மேஜர் கார்டை நிறைவாக அடித்தேன். மூன்று குரல்களுக்கும் அது தேவைப்பட்டது.

இனி அக்கா டிராக்கை நீக்கிவிட்டுக் குரலைப் புதிதாகப் பாட வேண்டும். உப்பளப் பாட்டைக் கிட்டாரோடு கேட்டுப் பார்த்துவிட்டு, முன்பைவிடத் தணித்துப் பாடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கிட்டாரை முந்திக்கொண்டு ஒலிக்க வேண்டிய அவசியம் இப்போது அவருக்கு இல்லை. அதற்குத் தகுந்தமாதிரி கடத்தை வெறும் விரல்நுனியால் வாசித்து மறுபடி பதிய முடியுமா என்று கடக்காரரிடம் கேட்டிருக்கிறோம்.